மகள் படிப்பது டிஓ, போக நினைப்பது எமர்ஜென்சி: ஒரு தந்தையின் கடிதத்துக்குப் பதில்

அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருந்து ஒரு தந்தை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கோவைப் பக்கத்துக்காரர். இருபத்தைந்து ஆண்டுகளாக அங்கே ஐடி வேலை. ஒரே மகள், அங்கேயே பிறந்து வளர்ந்தவர், அமெரிக்கக் குடிமகள். எம்டி கல்லூரிகளில் (அமெரிக்காவில் எம்டி என்பது நம் எம்பிபிஎஸ் போன்ற அடிப்படை மருத்துவப் பட்டம்) இடம் கிடைக்காததால் ஓர் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறார். படித்து முடித்தால் பெயருக்குப் பின்னால் எம்டி வராது, டிஓ வரும். டிஓ மாணவர்களுக்கான உரிமத் தேர்வான காம்லெக்ஸின் முதல் நிலையில் ஒருமுறை தோற்று, அடுத்த முறை தேறியிருக்கிறார். எமர்ஜென்சி மெடிசின் தவிர வேறு எந்தத் துறையும் வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறார்.

ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பா ஒருவர், “அது என்னம்மா, புத்தூர் கட்டு போடுற படிப்பா?” என்று மகளிடம் கேட்டது தந்தை மனதில் தைத்துவிட்டது. மிச்சிகனில் இதயநோய் நிபுணராக இருக்கும் பள்ளித் தோழரோ, டிஓக்களுக்கு நல்ல ரெசிடென்சி (பட்டம் முடித்தபின் ஒரு துறையில் எடுக்கும் மருத்துவமனைப் பயிற்சி) கிடைக்காது, எமர்ஜென்சியில் இனி வேலையும் இருக்காது என்கிறார். ஆனாலும் பரிந்துரைக் கடிதம் தானே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இணையத்தில் தேடினால் 2023-ல் எமர்ஜென்சியில் 500-க்கு மேல் இடங்கள் காலியாகக் கிடந்தன என்று வருகிறது. “எதை நம்புவது டாக்டர்? நடுவில் எம்டி படிப்புக்கு மாற வழி உண்டா? எம்டி மாணவர்களின் உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இ-யும் எழுத வேண்டுமா? தோற்றதைச் சொல்லாமல் விடலாமா? சீட் கிடைக்க லிஸ்டில் சுலபமான இடங்களை முதலில் போடலாமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ‘டிஓ’ என்ற சொல் முப்பது தடவையாவது வருகிறது. மகளுக்கு எமர்ஜென்சி ஏன் பிடித்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

நான் தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் முடித்து, இங்கே அமெரிக்காவில் ஒரு பயிற்சி மருத்துவமனையின் எமர்ஜென்சி பிரிவில் வேலை பார்ப்பவன். ரெசிடென்ட்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் சில ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். என்னோடு ஷிஃப்ட் பார்ப்பவர்களில் யார் எம்டி, யார் டிஓ என்று திடீரென்று கேட்டால் பேட்ஜைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

பெரியப்பாவுக்குச் சொல்ல

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆஸ்டியோபத் என்றால் டாக்டர் இல்லை. கைகளால் தசை, மூட்டு, முதுகெலும்பைச் சரிசெய்பவர். அமெரிக்காவில் மட்டும் கதை வேறு திசையில் போனது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர், 1864-ல் மூளை உறைக் காய்ச்சலில் தன் பிள்ளைகள் மூன்று பேரைப் பறிகொடுத்தவர், அன்றைய மருந்துகளின் மேல் நம்பிக்கை இழந்து வேறு வழி தேடினார். 1892-ல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். பின்னால் வந்தவர்கள் மருந்து, அறுவை சிகிச்சை, பிரசவம் என எல்லாவற்றையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இன்று மகள் படிப்பது முழு மருத்துவப் படிப்பு. கைகளால் செய்யும் சிகிச்சைக்கு இருநூறு மணி நேரப் பயிற்சி கூடுதல், அவ்வளவுதான். ஐம்பது மாநிலங்களிலும் டிஓக்களுக்கு எம்டிக்களுக்கு உள்ள அதே உரிமம் உண்டு. அமெரிக்க மருத்துவ மாணவர்களில் நான்கில் ஒருவராவது இப்போது டிஓ கல்லூரியில்தான் படிக்கிறார்.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் நீளம் என்றால் இதைச் சொல்லுங்கள்: 2018-ல் இருந்து வெள்ளை மாளிகையில் அடுத்தடுத்து அதிபரின் மருத்துவர்களாக இருந்த ஷான் கான்லி, கெவின் ஓகானர், ஷான் பார்பபெல்லா மூவருமே டிஓக்கள். அவர்களில் கான்லியும் பார்பபெல்லாவும் எமர்ஜென்சி டாக்டர்கள்.

எம்டிக்கு மாறுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே ஒருமுறை அப்படி நடந்தது. 1962-ல் கலிபோர்னியாவில் ஆயிரக்கணக்கான டிஓக்கள் 65 டாலர் கட்டி எம்டி பட்டம் வாங்கிக்கொண்டார்கள். இப்போது மாற வேண்டுமானால் முதலாண்டில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டும். அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

தோழரின் தகவல் பழசு

உங்கள் தோழர் பொய் சொல்லவில்லை. அவர் பயிற்சி எடுத்த காலத்தில் டிஓக்களுக்கென்று தனி ரெசிடென்சிகளும் தனி மேட்ச்சும் (மாணவர்களும் ரெசிடென்சிகளும் தரும் விருப்பப் பட்டியல்களைப் பொருத்தி இடம் ஒதுக்கும் முறை) இருந்தன. எம்டி பக்கம் போக நினைத்தவர்கள் பல இடங்களில் கதவைத் தட்டி ஏமாந்தார்கள். 2015-ல் தொடங்கி 2020-க்குள் இரண்டு பக்கமும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டன. இப்போது எல்லோருக்கும் ஒரே மேட்ச். 2024-ல் இறுதியாண்டு எம்டி மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு முதலாண்டு ரெசிடென்சி இடம் கிடைத்தது. டிஓ மாணவர்களில் 92.3 சதவீதம். வெளிநாட்டில் படித்தவர்களில் உங்கள் மகளைப் போன்ற அமெரிக்கக் குடிமக்களுக்கு 67 சதவீதம், குடியுரிமை இல்லாதவர்களுக்கு 58.5 சதவீதம். ‘பேசாமல் ஊரில் எம்பிபிஎஸ் சேர்த்திருக்கலாமோ’ என்று நடுவே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரியை அடித்துவிடலாம். நான் வந்த வழி அது, எனக்குத் தெரியும்.

பாகுபாடு முழுக்க ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில அறுவை சிகிச்சைப் பிரிவுகளிலும், பெயர்பெற்ற சில பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் ரெசிடென்ட் பட்டியலில் டிஓவைத் தேடத்தான் வேண்டும். ஆனால் எமர்ஜென்சி அப்படிப்பட்ட துறை இல்லை. முதல் ரெசிடென்சியே 1970-ல் சின்சினாட்டியில்தான் தொடங்கியது, தனித் துறையாக அங்கீகாரம் 1979-ல்தான் வந்தது. கொஞ்ச காலம் முன்புவரை நாங்களே வாசலில் நின்றவர்கள். மிச்சிகன், ஒஹையோ, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் முன்பு டிஓக்களுக்கென்றே நடந்த எமர்ஜென்சி ரெசிடென்சிகள் பல இன்று பொது மேட்ச்சுக்குள் இருக்கின்றன. மகள் இடம் தேடும்போது ஒவ்வொரு ரெசிடென்சியின் இணையதளத்திலும் இப்போதைய ரெசிடென்ட்களின் படங்களைப் பார்க்கட்டும். பெயர்களுக்குப் பின்னால் டிஓ இருக்கிறதா இல்லையா என்பது எந்த ஆலோசகரும் சொல்லாததைச் சொல்லிவிடும்.

அந்த ஒரு தோல்வி

உண்மையான சிக்கல் இதுதான். மறைக்க முடியாது. தேர்வை நடத்தும் அமைப்பு அனுப்பும் மதிப்பெண் பட்டியலிலேயே எத்தனை முறை எழுதினார் என்பது இருக்கும். தோற்றவர்களின் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்காத இடங்கள் சில உண்டு. அவற்றைக் கணக்கில் இருந்து எடுத்துவிட வேண்டியதுதான். மற்ற இடங்களில் கேள்வி கேட்பார்கள். பதில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது: என்ன தவறியது, அதற்குப் பிறகு எதை மாற்றிக்கொண்டேன். நேர்காணலில் பத்து நிமிடம் இதையே விளக்கி, நாங்கள் மறந்திருந்ததை நினைவுபடுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் நிலைத் தேர்வு 2022-ல் இருந்து தேர்ச்சி, தோல்வி மட்டும்தான். எண்ணில் மதிப்பெண் வருவது இரண்டாம் நிலையில். ஆகவே காம்லெக்ஸ் இரண்டாம் நிலையை நன்றாக எழுதுவதுதான் முதல் தோல்விக்குப் பதில். விண்ணப்பங்கள் செப்டம்பர் கடைசியில் ரெசிடென்சிகளின் கைக்குப் போகும். அதற்குள் மதிப்பெண் வந்திருக்க வேண்டுமானால் ஜூலைக்குள், தப்பினால் ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் எழுதிவிட வேண்டும்.

யுஎஸ்எம்எல்இ விஷயத்தில் நண்பர்கள் எல்லோரும் ‘எழுதிவிடு’ என்பார்கள். நான் கொஞ்சம் தயங்குவேன். டிஓ மாணவர்களுக்கு அது கட்டாயம் இல்லை. காம்லெக்ஸை மட்டும் வைத்தே எமர்ஜென்சி ரெசிடென்சிக்குப் போகிறவர்கள் நிறைய. எழுதினால் சில பல்கலைக்கழக மருத்துவமனைகளின் கதவு கூடுதலாகத் திறக்கும், உண்மை. ஆனால் ஏற்கெனவே ஒரு தோல்வி இருப்பவர் இதிலும் சறுக்கினால், எழுதாமல் இருந்ததைவிட நிலைமை மோசமாகும். வழி இதுதான்: யுஎஸ்எம்எல்இ-யின் முதல் நிலையான ஸ்டெப் ஒன்றை விட்டுவிட்டு ஸ்டெப் இரண்டை மட்டும் எழுத விதி இடம் தருகிறது. காம்லெக்ஸ் இரண்டாம் நிலைக்குப் படிக்கும்போதே ஸ்டெப் இரண்டின் மாதிரித் தேர்வுகளை இரண்டு மூன்று தடவை எழுதிப் பார்க்கட்டும். தொடர்ந்து தேர்ச்சிக் கோட்டுக்கு நல்ல உயரத்தில் வந்தால், படித்தது ஆறுவதற்குள் சில நாள் இடைவெளியில் இதையும் எழுதலாம். கோட்டை ஒட்டி வந்தால் வேண்டாம். எழுதுவதா என்பதை மாதிரித் தேர்வின் எண் முடிவு செய்யட்டும். நீங்களும் நானும் வேண்டாம்.

தோழரின் கடிதமா, ஸ்லோவா?

மற்றத் துறைகளில் பெரிய டாக்டர் ஒருவரின் கடிதம் எடை கூட்டலாம். எமர்ஜென்சியில் அது ஏறத்தாழ எடுபடாது. எங்களுக்கென்று ஒரு தனி மதிப்பீட்டுப் படிவம் இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்லோ’ என்போம். ஒரு எமர்ஜென்சி ரெசிடென்சியில் மாணவர் ஒரு மாதம் வேலை பார்த்த பிறகு, அங்குள்ள ரெசிடென்சி பொறுப்பாளர்கள் சேர்ந்து அதை நிரப்புவார்கள். ‘நல்ல பெண், புத்திசாலி’ என்று எழுதித் தப்பிக்க முடியாது. உடன் வந்த மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு இவர் எந்த இடத்தில் நிற்கிறார், எங்கள் பட்டியலில் எங்கே வைப்போம், ரெசிடென்ட் ஆனால் எவ்வளவு கைபிடித்து நடத்த வேண்டியிருக்கும் என்று கட்டம் கட்டமாகக் குறிக்க வேண்டும். தேர்வுக் குழுவில் விண்ணப்பத்தைத் திறந்தால் நான் முதலில் போவது ஸ்லோவுக்குத்தான். மதிப்பெண் அப்புறம். டிஓவா எம்டியா என்பது அதற்கும் அப்புறம்.

இங்கேதான் டிஓ மாணவர்களுக்கு உண்மையான பாதகம் ஒன்று இருக்கிறது. அது பட்டத்தால் வருவதில்லை, கல்லூரியின் அமைப்பால் வருகிறது. பல டிஓ கல்லூரிகளுக்குச் சொந்தப் பயிற்சி மருத்துவமனை கிடையாது. மூன்றாம் ஆண்டில் மாணவர்கள் சின்னச் சின்ன ஊர் மருத்துவமனைகளுக்குப் பிரிந்து போகிறார்கள். அங்கே எமர்ஜென்சி பிரிவு இருக்கும், ரெசிடென்சி இருக்காது. ரெசிடென்சி இல்லாத இடத்தில் இருந்து வரும் கடிதம் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் ஸ்லோவின் எடை அதற்கு இல்லை. எம்டி மாணவர் முதல் ஸ்லோவைத் தன் கல்லூரி மருத்துவமனையிலேயே வாங்கிவிடுவார். உங்கள் மகள் தனக்கு வேண்டிய இரண்டு ஸ்லோக்களையும் வெளியூரில் சம்பாதிக்க வேண்டும்.

ஆகவே நான்காம் ஆண்டின் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், ரெசிடென்சி உள்ள இரண்டு இடங்களில் தலா ஒரு மாதம் ரொட்டேஷன் கிடைக்க வேண்டும். இதற்கு விண்ணப்பிப்பது விஎஸ்எல்ஓ என்ற தளத்தில். முந்தைய வசந்த காலத்திலேயே திறந்துவிடும், நல்ல இடங்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். தடுப்பூசிச் சான்று, பின்னணிச் சரிபார்ப்பு, கல்லூரியின் கையெழுத்து என்று காகித வேலையே ஒரு மாதம் இழுக்கும். செலவும் உண்டு: விண்ணப்பக் கட்டணம், விமானம், ஒரு மாத வாடகை.

அந்த ஒரு மாதத்தில் நாங்கள் பார்ப்பது என்ன? மருத்துவ அறிவு ஓரளவுதான். நோயாளியைப் பற்றி மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கிறாரா, நர்ஸ் சொல்வதைக் காதில் வாங்குகிறாரா, போட்டுவிட்டு வந்த உத்தரவு நடந்ததா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறாரா. ஒரு இரவு ஷிஃப்ட் நினைவுக்கு வருகிறது. மயக்கம் என்று வந்த முதியவர். முதல் சோதனைகள் சரியாக இருந்தன, வீட்டுக்கு அனுப்பத் தயாரானோம். எங்களிடம் வந்திருந்த ஒரு மாணவி மூன்றாம் முறையாகப் போய் அவரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். பெரியவர் மாலையில் வழக்கம்போல் இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிட மறந்திருக்கிறார். மாணவி சர்க்கரையை மறுபடி பார்க்கச் சொன்னார், 48. அந்த மாணவியின் தேர்வு மதிப்பெண் சுமார்தான். டிஓ கல்லூரி. ஸ்லோவில் அவரை மேலே வைத்தோம், அதற்காக எங்களுக்குள் விவாதம்கூட நடக்கவில்லை.

காலி இடங்களும் கணிப்புகளும்

2023-ல் எமர்ஜென்சியில் 554 இடங்கள் நிரம்பாமல் போனது உண்மை. அதற்கு முந்தைய ஆண்டு 219. காரணம் பல. 2021-ல் வந்த ஒரு ஆய்வு, 2030-க்குள் எமர்ஜென்சி டாக்டர்கள் 7,800 பேர் தேவைக்கு மேல் இருப்பார்கள் என்றது, மாணவர்கள் மிரண்டார்கள். கோவிட் கால அலுப்பு இன்னொன்று. அதே சமயத்தில் புதுப்புது ரெசிடென்சிகளும் திறந்துகொண்டே போயின. ஆனால் 2024-லேயே காலி இடம் 135 ஆகக் குறைந்துவிட்டது. அந்த இடைவெளியை நிரப்பியவர்களில் டிஓ மாணவர்கள் பெரும் பங்கு. ‘காலியாகக் கிடக்கிறது, யார் போனாலும் எடுப்பார்கள்’ என்ற கணக்கு இனி உதவாது. ‘செத்துப்போன துறை’ என்பதும் தவறு. அந்த ஆய்வு ஆண்டுக்கு 3 சதவீதம் பேர்தான் துறையை விட்டுப் போவார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. பிறகு பார்த்ததில் போகிறவர்கள் 5 சதவீதத்துக்கும் மேல்.

அந்த 5 சதவீதத்தை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மக்கள் ஏன் போகிறார்கள்? இரவு ஷிஃப்ட், வார்டில் படுக்கை இல்லாமல் எங்கள் நடைபாதையில் நாள்கணக்கில் காத்திருக்கும் நோயாளிகள், அடிக்க வருகிறவர்கள். மருத்துவமனைகளுக்கு டாக்டர்களை அனுப்பும் நிறுவனங்களும் ஆட்டம் கண்டிருக்கின்றன: 2023 மே மாதம் என்விஷன் திவால் மனு போட்டது, அதே ஆண்டு ஜூலை முடிவில் அமெரிக்கன் ஃபிசிஷியன் பார்ட்னர்ஸ் கடையையே மூடியது. படிப்புக் கடனை அரசின் பொதுச்சேவைத் திட்டத்தில் தள்ளுபடி செய்ய, லாப நோக்கில்லாத இடத்தில் இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்ட வேண்டும். ரெசிடென்சி காலமும் இதில் சேரும். ஆனால் பிறகு இப்படிப்பட்ட தனியார் நிறுவனத்தில் சேர்ந்தால் பெரும்பாலும் கணக்கு அங்கே நின்றுவிடும். இன்னொன்று: எமர்ஜென்சி ரெசிடென்சி இப்போது சில இடங்களில் மூன்று ஆண்டு, சில இடங்களில் நான்கு. எல்லாவற்றையும் நான்காக்கும் யோசனை 2025-ல் முன்வைக்கப்பட்டது. நேர்காணலுக்குப் போகும் ஒவ்வொரு இடத்திலும் இதை மகள் கேட்டுக்கொள்ளட்டும்.

லிஸ்ட் போடும் விதம்

சுலபமான இடங்களை முதலில் போடுவது கூடவே கூடாது. நம் ஊர் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங் செய்வதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். ஆசைப்பட்ட வரிசையிலேயே போட வேண்டும். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்கான வாய்ப்பு அதனால் குறையாது. மேட்ச் கணக்கு முறை மாணவரின் விருப்பத்தில் இருந்துதான் தொடங்குகிறது. அந்த முறையை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத் 2012-ல் பொருளாதார நோபல் பெற்றவர்.

எமர்ஜென்சி இடங்கள் பத்துப் பன்னிரண்டாவது லிஸ்டில் இருந்தால் எனக்கு நிம்மதி. ஒரு தோல்வி இருப்பதால் நேர்காணல் அழைப்புகள் அதற்குக் குறைந்தால், ஃபேமிலி மெடிசினுக்கும் சேர்த்து விண்ணப்பிப்பதில் வெட்கம் இல்லை. சில கிராமப்புற எமர்ஜென்சி பிரிவுகளை ஃபேமிலி டாக்டர்கள்தான் நடத்துகிறார்கள். இந்த முடிவை அவர் இப்போதே எடுக்க வேண்டாம். டிசம்பர் முதல் வாரத்தில் அழைப்புகளை எண்ணிப் பார்த்து எடுக்கட்டும். மார்ச்சில் இடம் கிடைக்காமல் போனாலும் அதே வாரம் சோப் என்ற இரண்டாம் சுற்று உண்டு. அதை நம்பித் திட்டம் போடக் கூடாது, அவ்வளவுதான்.

கடைசியாக, நான் ஒத்திவைத்த விஷயம். எல்லா நேர்காணலிலும் முதல் கேள்வி ‘ஏன் எமர்ஜென்சி?’ என்பதுதான். மகளிடம் அதை நீங்கள் ஒருமுறை கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். என்னைவிட, உங்கள் தோழரைவிட அவர் நல்ல பதில் வைத்திருக்கக்கூடும். அதற்குள் அவருடைய கல்லூரி அலுவலகத்தில் விஎஸ்எல்ஓ காகிதங்கள் எதுவரை வந்திருக்கின்றன என்றும் விசாரித்துக்கொள்ளட்டும்.

தோழரை விட்டுவிடாதீர்கள். கடிதம் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டு, வேறொன்று கேளுங்கள். மிச்சிகனில் மகளுக்கு ஒரு ரொட்டேஷன் கிடைத்தால், ஒரு மாதம் தங்க அவர் வீட்டில் ஓர் அறை தருவாரா என்று. இரவு ஷிஃப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வருகிறவர் தூங்க ஜன்னலுக்குத் தடித்த திரை இருந்தால் போதும்.